தொட்டுத் திருத்தும் கை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்ச்சி என்னும், மெதுவான அசைவுகள் கொண்ட சீனத் தற்காப்புக் கலையை முதியவர்கள் வீட்டிலிருந்தபடியே கைபேசியைப் பார்த்து முப்பது நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன்பு ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் மூன்று பேர் என்னிடம் வந்து, எந்தக் காணொளியைப் பார்க்கலாம் என்று கேட்டார்கள். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே முழங்கால் மூட்டில் தேய்மானம் உண்டு. உள்ளூரில் ஆசிரியர் எவரும் இல்லாமல் பாளையங்கோட்டையில் பதின்மூன்று ஆண்டுகளாக இந்தக் கலையைப் பழகி வருகிறவன் நான். அவர்களிடம் சொன்னதைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

கட்டுரை சொன்ன பலன்களை நான் மறுக்கவில்லை. நடுக்குவாத (பார்க்கின்சன்) நோயாளிகள் 195 பேரைக் கொண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2012ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. தாய்ச்சி பழகியவர்களுக்கு உடல் சமநிலை மேம்பட்டது என்றும், தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்கள் குறைவாகவே விழுந்தார்கள் என்றும் அது காட்டியது. தங்கள் கட்டுரையும் இத்தகைய ஆய்வுகளின் வலுவில்தான் பேசுகிறது. ஆனால் அந்த நோயாளிகள் 24 வாரங்கள், வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், பயிற்றுநர் நேரில் நின்று நடத்திய வகுப்பில் பழகினார்கள். பலனைச் சொல்லும்போது அந்தப் பயிற்றுநரை விட்டுவிட்டோம் என்றால், மருந்தின் பெயரைச் சொல்லி அளவைச் சொல்லாமல் விட்டதாகவே ஆகும்.

வேறொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கலையைப் போதிதர்மர் இங்கிருந்து கொண்டு போனார் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. ஒரு திரைப்படம் வந்த நாள் முதல் நம் ஊரில் சீனக் கலை எதைப் பேசினாலும் இந்த வரி வந்துவிடுகிறது. போதிதர்மரோடு உடற்பயிற்சியை இணைக்கும் மரபு, 1624ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் யிஜின்ஜிங் என்ற நூலைச் சார்ந்தது. அது சொல்வதும் ஷாவோலின் மடத்தைப் பற்றித்தான். தாய்ச்சியின் மரபுக்கதை வேறு. அது வூடாங் மலையில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் சாங் சான்ஃபெங் என்ற துறவியைக் காட்டும். அதுவும் கதைதான். வரலாறாகப் பிடித்துக்கொள்ளக் கூடியது, ஹெனான் மாகாணத்து வென் மாவட்டத்தில் சென்ஜியாகோ என்ற சிற்றூரில் சென் குடும்பத்தார் 17ஆம் நூற்றாண்டு முதல் கைமாற்றி வந்த பயிற்சியாகும். சென் வாங்டிங் என்பவரை அதன் முதல்வராகக் கருதுகிறார்கள். அங்கே கற்ற யாங் லூசான் (1799–1872) அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டு சென்றார். அவருடைய பேரர் யாங் செங்ஃபு (1883–1936) வகுத்த விரிந்த நிதானமான அசைவுகள்தாம் இன்று உலகெங்கும் பூங்காக்களில் காணக் கிடைக்கின்றன. 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நம் மண்ணில் சிலம்பமும் அடிமுறையும் வர்மமும் நமக்குச் சொந்தமாகவே இருக்கும்போது, பிறர் குடும்பச் சொத்தில் பங்கு கேட்க வேண்டிய தேவை நமக்கு இல்லை என்பது என் எண்ணம்.

நான் அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன். பெரும்பாலான ஆண்டுகள் தபால் பிரிக்கும் மேசையில் ஒரே கோணத்தில் குனிந்து நின்றதில் இடுப்பும் தோளும் இறுகிப் போயிருந்தன. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் ஆங்கில நூலைப் பார்த்துத்தான் தொடங்கினேன். அதில் வரிசையாகப் புகைப்படங்கள் இருந்தன. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் உடம்பு என்ன செய்தது என்பது மட்டும் இல்லை. பிறகு குறுந்தகடு, அதன் பிறகு கைபேசி. 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் பொதுமக்களுக்காக யாங் மரபிலிருந்து சுருக்கித் தொகுத்த 24 நிலைகள் கொண்ட வரிசையை எடுத்துக்கொண்டேன். நிதானமாகச் செய்தால் ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குதிரையின் பிடரியைப் பிரித்தல், வெண்கொக்கு சிறகு விரித்தல், முழங்காலைத் தடவிப் போகும் அடி, மேகக் கைகள் என்று ஒவ்வொன்றுக்கும் அழகான பெயர் உண்டு. நான்கு மாதத்தில் வரிசை மனப்பாடம் ஆயிற்று. தாய்ச்சி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

முதல் பிழை சிறியது. திரையில் ஆசிரியர் என்னைப் பார்த்து நின்றார். அவர் தம் இடப்பக்கம் அடி வைத்தபோது அது எனக்கு வலப்பக்கமாகத் தெரிந்ததால் நான் வலப்பக்கம் வைத்தேன். 24 நிலைகளையும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இடவலம் மாற்றியே பல ஆண்டுகளாகச் செய்திருக்கிறேன். உடம்புக்கு அதனால் கேடு எதுவும் இல்லை. ஆனால் அத்தனை காலமும் அதைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இருக்கவில்லை என்பதைத் தங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது பிழை சிறியதாக இல்லை. தாய்ச்சியில் வில் நிலை என்று ஒரு நிற்கும் முறை உண்டு. முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, எடையின் பெரும்பகுதி முன்காலில் இறங்கும். முன்முழங்கால், பாதத்தின் விரல்கள் காட்டும் திசையிலேயே மடங்க வேண்டும். விரல் நுனியைத் தாண்டக் கூடாது. உள்பக்கமாகச் சரியவும் கூடாது. இந்த விதியை நான் படித்திருந்தேன், மனப்பாடமாகச் சொல்லவும் முடியும். அப்படித்தான் நிற்கிறேன் என்றும் நம்பினேன். திரையில் பார்த்த ஆசிரியர்கள் எல்லாரும் தொளதொளவென்று பட்டுக் கால்சட்டை அணிந்திருந்தார்கள். துணி அழகாக அலையும். அதற்குள் முழங்கால் எங்கே இருக்கிறது, எடை குதிகாலில் இருக்கிறதா பெருவிரலில் இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தையே துணி மூடியிருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இதில், எடை தாங்கி நிற்கும் காலிலேயே பாதத்தைத் திருப்பும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் ஆண்டின் முடிவில் வலது முழங்காலின் உட்புறம் வீங்கி, மாடிப்படி இறங்க முடியாமல் போயிற்று. மூட்டின் சவ்வில் திருகல் விழுந்திருக்கிறது என்றார் மருத்துவர். மூன்று மாதம் பயிற்சியை நிறுத்தினேன். உடம்பைச் சரிசெய்வதற்காக மேற்கொண்ட கலையே உடம்பைக் கெடுத்தது எனக்குப் பெரிய துயரமாக இருந்தது.

நண்பர்கள் சிலர் என்னை ஏகலைவன் என்று அன்போடு அழைப்பதுண்டு. அந்த ஒப்புமை எனக்கு உடன்பாடானது இல்லை. ஏகலைவனுக்கு எதிரே இலக்கு இருந்தது. அம்பு இலக்கில் பட்டதா, விலகிப் போயிற்றா என்பதை அம்பே அவனுக்குச் சொல்லிவிடும். மறுநாள் கையைத் திருத்திக்கொள்ளலாம். குரு இல்லாத இடத்தில் இலக்கு குருவாக இருந்தது. தனியாகப் பழகும் தாய்ச்சியில் அப்படி எதுவும் இல்லை. காற்றில் கையை நகர்த்துகிறோம். காற்று மறுத்துப் பேசுவதில்லை. பிழையாகச் செய்தாலும் மெதுவாகச் செய்வதால் அது இதமாகவே இருக்கும். வலி வந்த பிறகுதான் உடம்பு பேசும், அப்போது காலம் கடந்திருக்கும். ஆகவே ஆசிரியர் இல்லாமல் கற்க விரும்புகிறவர் எந்தக் காணொளி என்று கேட்பதற்கு முன்பு, தம் பிழையைத் தமக்கு எது சொல்லும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பதின்மூன்று ஆண்டில் நான் அறிந்துகொண்டதில் முதன்மையானது இதுதான்.

எனக்கு அதை முதலில் சொன்னவர் தாய்ச்சி என்ற சொல்லையே கேட்டிராத ஒரு பெரியவர். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அதிகாலையில் தாமிரபரணிக் கரையில், முழங்கால் சற்றுத் தேறியிருந்த நம்பிக்கையில், மெல்ல என் வரிசையைச் செய்துகொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி எழுபது வயதைக் கடந்த ஒரு சிலம்ப ஆசான் ஐந்தாறு பையன்களுக்குக் காலடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தவர், பையன்களை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். “மெல்ல ஆடுதீங்களே, அது தப்பில்ல சார். நாங்களும் மொதல்ல மெல்லத்தான் சொல்லிக் குடுப்போம். ஆனா பாதம் ஒரு பக்கம் பாக்கு, முட்டு ஒரு பக்கம் பாக்கு. ரெண்டும் சண்டை போட்டா முட்டுதான தோக்கும்?” என்றார்.

பிறகு என்னை மறுபடி வில் நிலையில் நிற்கச் சொல்லி, குந்தி உட்கார்ந்து, என் முழங்காலின் உட்பக்கத்தில் இரண்டு விரலை வைத்து வெளியே தள்ளினார். ஒரு அங்குலம்கூட இருக்காது. இடுப்பெலும்பிலிருந்து குதிகால்வரை ஏதோ ஒன்று நேராகி, பாரம் தரைக்குள் இறங்கியதை உணர்ந்தேன். இரண்டு ஆண்டுகள் புத்தகத்தில் தேடிய இடம் அது. ஆசான் அதோடு விடவில்லை. நீர் வடிந்து ஈரமாக இருந்த மணலில் பத்தடி நடக்கச் சொல்லி, திரும்பிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு சுவட்டிலும் பெருவிரல் பக்கம் ஆழமாகவும் சுண்டுவிரல் பக்கம் மேலோட்டமாகவும் பதிந்திருந்தது. பாதத்தின் உள்விளிம்பில் சாய்ந்து நடக்கிறேன், அதனால் முழங்கால் உள்ளே விழுகிறது என்பதை நான் சொல்லி எவரும் நம்ப வேண்டியதில்லை, மணலில் எழுதியிருந்தது. அன்று முதல் ஈர மணலே எனக்கு இலக்குப் பலகை ஆயிற்று. இன்றும் வாரம் ஒருமுறை குறுக்குத்துறைக்குப் போய், முருகன் கோயிலுக்கு அப்பால் மணல் திட்டு தெரியும் நாட்களில் முழங்காலைத் தடவிப் போகும் அடியை மூன்று முறை வைத்து, சுவடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்த நடையில் இரண்டு பாதமும் ஒரே கோட்டில் விழுந்தால் உடம்பு கயிற்றின் மேல் நடப்பது போலத் தள்ளாடும். இரண்டுக்கும் இடையில் தோள் அகலம் இருக்க வேண்டும். அதைக்கூட மணலைப் பார்த்துத்தான் திருத்திக்கொண்டேன்.

ஆசானிடம் பிறகும் பல முறை போனேன். அவர் எனக்குத் தாய்ச்சி சொல்லித் தரவில்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் மாட்டார். ஆனால் எந்தக் காலில் பாரம் நிறைந்திருக்கிறது, எந்தக் கால் காலியாக இருக்கிறது என்பதை ஒவ்வோர் அசைவிலும் கேட்டுக்கொண்டே இருப்பார். யாங் செங்ஃபு சொல்லி அவர் மாணவர் எழுதிவைத்த பத்து நெறிகளில், நிறைவையும் வெறுமையையும் பிரித்தறிதல் என்பது ஒன்று. ஹெனான் கிராமத்திலிருந்து வந்த நெறியைக் கல்லிடைக்குறிச்சி ஆசான் தம் சிலம்பக் காலடியிலிருந்து எனக்கு விளக்கினார். மனித உடம்பு எங்கும் ஒன்றுதான் என்பதால் இதில் வியப்பு இல்லை. தோள் தூக்கியிருப்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். தபால் மேசை விட்டுச் சென்ற பழக்கம் அது.

இருந்தாலும் அவரால் தர முடியாத ஒன்று இருந்தது. தாய்ச்சியை அகவழிக் கலை என்கிறார்கள். ஷிங்யி, பாகுவா என்ற வேறு இரு சீனத் தற்காப்புக் கலைகளோடு தாய்ச்சியையும் கற்றுத் தேர்ந்து அவற்றை ஒரே குடும்பமாகக் கண்டவர் சுன் லூடாங் (1860–1933). அகவழி என்றால் மந்திரம் எதுவும் இல்லை. தசை முறுக்கின் பலத்தை நம்பாமல், உடம்பு முழுவதையும் தளர்த்தி ஒன்றாக இணைத்து, எதிராளியின் விசையை வாங்கித் திருப்பும் முறை. அந்தத் தளர்வு உண்மையாகவே இருக்கிறதா என்பதை இன்னொருவர் உடம்பு நம் உடம்பைத் தொட்டால்தான் அறிய முடியும். அதற்காகவே துய்ஷோ என்னும் கைதள்ளல் பயிற்சி இருக்கிறது. இருவர் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி, வட்டமாகச் சுழற்றியபடி ஒருவர் சமநிலையை மற்றவர் சோதிப்பார்கள். தாங்குதல், பின்னிழுத்து வழிவிடுதல், அழுத்துதல், தள்ளுதல் என்ற நான்கும் அதில் அடங்கும். நம் அடிமுறையில் பூட்டும் (பிடித்து முடக்குதல்) பிரிவும் (பிடியிலிருந்து விடுபடுதல்) பழகியவர்களுக்கு இது ஓரளவு விளங்கும். ஆனால் பூட்டில் பிடித்த பின்புதான் வேலை தொடங்குகிறது. இதில் பிடிக்காமல் ஒட்டிக்கொண்டு, எதிராளி எங்கே போக நினைக்கிறார் என்பதைத் தோலால் கேட்க வேண்டும். சீனத்திலும் அதற்குக் கேட்டல் என்றுதான் பெயர்.

இதற்காக நெல்லை விரைவு ரயிலில் ஏறி, சுமார் 650 கிலோமீட்டர் கடந்து, சென்னைக்கு வந்திருந்த ஓர் ஆசிரியர் நடத்திய மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். முதல் நாள் காலை வரிசையைத் தொடங்கியபோது இருபது பேரும் இடப்பக்கம் நகர, நான் வலப்பக்கம் நகர்ந்து பக்கத்தில் இருந்தவர் மேல் மோதினேன். கண்ணாடிப் பிழை அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மாலையில் ஆசிரியர் தம் முன்கையை என் முன்கையோடு ஒட்டி, தள்ளுங்கள் என்றார். தள்ளினேன். அவர் கை எதிர்க்கவில்லை, கனமாகவும் இல்லை. என் கை போன இடத்தில் அவர் இல்லை. நான் முன்னால் சாய்ந்துகொண்டிருந்தேன். உடனே விரைத்து நின்றேன். அந்த விரைப்பை அப்படியே ஒரு கைப்பிடி போலப் பயன்படுத்தி என்னை மூன்றடி பின்னால் கொண்டு போய் நிறுத்தினார். தளர்ந்துவிட்டதாக நான் நம்பியிருந்த தோள், எவரோ தொட்ட உடனே பூட்டிக்கொள்கிறது என்பதை அந்த ஒரு நிமிடத்தில் அறிந்தேன். ஐந்தாண்டுக் காணொளிகள் அதை எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஏனெனில் காணொளி நம்மைத் தொடுவதில்லை.

ஊர் திரும்பியதும் என் மனைவியின் தம்பியை இணங்க வைத்தேன். ஒற்றைக் கையால் வட்டம் சுற்றும் மிக எளிய கைதள்ளலை மட்டும் வாரம் இரண்டு முறை அரைமணி நேரம் பழகுகிறோம். அவருக்கு வரிசை தெரியாது; தெரிய வேண்டியதும் இல்லை. என் தோள் இறுகினால் சொல்லிவிடுகிறார், அவ்வளவு போதும். ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ ஆசிரியரிடம் போய் வருகிறேன். அவர் தருவது இரண்டோ மூன்றோ திருத்தங்கள்தாம். அவற்றை உடம்பில் ஏற்ற அடுத்த ஆண்டு முழுவதும் எடுக்கிறது. ஆசிரியர் அன்றாடம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்ற திருத்தத்துக்கும் அடுத்த திருத்தத்துக்கும் இடையில் உழைப்பது நம் வேலை. ஆனால் அந்தத் திருத்தம் ஒருபோதும் வராவிட்டால், உழைப்பு பிழையைத்தான் உறுதிப்படுத்தும்.

யாங் லூசான், சென் வீட்டுப் பயிற்சியைச் சுவரின் இடுக்கு வழியாக ஒளிந்து பார்த்துக் கற்றார் என்று ஒரு கதை உண்டு. தனியாகப் பழகுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த கதை அது. அதை எடுத்துச் சொல்கிறவர்கள் பிற்பகுதியைச் சொல்வதில்லை. அதே மரபின்படி அவர் பிடிபட்ட பின்பு சென் சாங்சிங் (1771–1853) அவரை மாணவராக ஏற்றுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கற்பித்தார். சுவர் இடுக்கில் பார்த்தது அவரை வாசல்வரைக்கும்தான் கொண்டு சேர்த்தது. நம் கைபேசித் திரையும் அதுபோன்ற ஓர் இடுக்குதான்.

தனியாகச் செய்யக் கூடியவை எவை என்று அந்த மூவரும் கேட்டார்கள். கம்பம் போல் நிற்கும் பயிற்சியை எவரும் தொடங்கலாம். பாதங்கள் தோள் அகலத்தில், முழங்கால் பூட்டாமல் சற்றே தளர்ந்து, ஒரு மரத்தைத் தழுவுவது போலக் கைகளை நெஞ்சளவில் வைத்து, இரண்டு நிமிடம் நிற்கலாம். மாதங்கள் செல்லச் செல்ல இருபது நிமிடம்வரை போகலாம். தலை சுற்றினாலோ முழங்கால் வலித்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். பாளையங்கோட்டை வெயிலுக்குக் காலை ஆறரை மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஆடி மாதத்தில் சாரல் காற்று மேற்கிலிருந்து வீசும்போது, எங்கள் பக்கத்தில் தட்டட்டி என்று சொல்லும் மொட்டை மாடியில் நின்று பாருங்கள். விரைத்து நின்றால் காற்று அசைக்கும், தளர்ந்து நின்றால் உடம்பு அதை வாங்கிக் கீழே அனுப்பிவிடும். மச்சினன் வராத நாட்களில் எனக்கு அந்தக் காற்றோடுதான் கைதள்ளல். மூச்சை மட்டும் எவரும் தாமாகக் கட்டுப்படுத்தக் கூடாது. அடிவயிற்றில் ஆற்றலைத் தேக்குவதாகச் சொல்லி மூச்சை அடக்கச் சொல்லும் காணொளிகள் ஏராளம் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது. மூச்சு இயல்பாக ஓடட்டும். அடி வைப்பதையும் திரும்புவதையும் பொறுத்தவரை, அரைக்கால் சட்டை அணிந்து, பார்க்கத் தெரிந்த ஒருவர் முன்னிலையில் மட்டுமே தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தேய்மானம் உள்ளவரை மருத்துவரைக் கேட்டுவிட்டு வரச் சொன்னேன்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழ் மூலமாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். பாளையங்கோட்டையில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. தாய்ச்சியை உள்ளடக்கிய வூஷு என்னும் சீனத் தற்காப்புக் கலைப் போட்டி 1990 பெய்ஜிங் போட்டி முதல் ஆசிய விளையாட்டில் இடம்பெற்று வருகிறது. ஆகவே இது விளையாட்டுத் துறைக்குப் புறம்பான கோரிக்கை ஆகாது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், தகுதியுள்ள ஆசிரியர் ஒருவர் இங்கே வந்து தங்கிக் கற்பிக்க, அதிகாலையில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தால் போதும். நிரந்தரப் பயிற்றுநர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வந்தாலும் தங்க மாட்டார். தென்காசி, கோவில்பட்டி, நாகர்கோவில் வட்டாரங்களில் என்னைப் போலத் தனியாகப் பழகும் ஏழு பேரை இதுவரை அறிந்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு முறை சென்னை சென்று வரும் செலவைச் சேர்த்தால் ஓர் ஆசிரியரை இங்கே வரவழைத்து ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். இடமும் அனுமதியும்தாம் எங்களால் திரட்ட முடியாதவை.

மற்றொன்று நம் ஆசான்களைப் பற்றியது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. வர்மமும், தொக்கணம் என்னும் உடம்பைப் பிடித்துவிடும் சிகிச்சையும் அங்கே பாடமாக உள்ளன. முதியவர்கள் கீழே விழாமல் காக்கும் பயிற்சிகளைப் பற்றி அங்கே சிந்திக்கிறவர்கள், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பகுதிகளில் இன்னும் எஞ்சியிருக்கும் சிலம்ப, அடிமுறை ஆசான்களையும் அழைத்து, ஒரு மனிதன் எப்படி நிற்கிறான் என்பதை அவர்கள் பார்க்கும் விதத்தைப் பதிவு செய்ய வேண்டும். என் முழங்காலைத் திருத்தியவர் போன்றவர்கள் பலருக்கு வயது எழுபதுக்கு மேல். அவரிடம் கற்கும் பையன்கள் கம்பு சுழற்றுவதற்குத்தான் வருகிறார்கள்; காலைப் பார்க்கக் கற்றுக்கொள்ள எவரும் வருவதில்லை என்று அவரே ஒருமுறை வருத்தப்பட்டுச் சொன்னார்.

தங்கள் இணைப்பில் அடுத்த முறை இத்தகைய கட்டுரை வரும்போது, முழங்கால் பற்றிய எச்சரிக்கையையும் மூச்சை அடக்க வேண்டாம் என்ற குறிப்பையும் பலன்களுக்கு அருகிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றில் நீர் மட்டம் இடம் கொடுக்கும்போதெல்லாம், காலை ஆறு மணி முதல் ஏழு மணிவரை நானும் என் மச்சினனும் குறுக்குத்துறைப் படித்துறைக்கு அருகில் இருப்போம். கற்பிக்கும் தகுதி எனக்கு இல்லை, கற்பிக்கவும் மாட்டேன். தனியாகப் பழகி, தம் பிழையைச் சொல்ல ஆளில்லாமல் இருக்கும் எவரும் வரலாம். கைதள்ளலுக்கு எங்களுக்கு மூன்றாவது ஒரு கை தேவைப்படுகிறது. முழங்கால் தெரியும்படி உடுத்தி வாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
பாளையங்கோட்டை.